மெம்பிரேன் ஆராய்ச்சில பிஎச்டி சேரலாமா? அப்பாவுக்கு எப்படி புரிய வைக்கிறது?

தாராவி_பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். இங்க வந்து படிச்சுட்டு மட்டும் போற ஆளு நான், இதுவரைக்கும் எதுவும் எழுதினதில்ல. கொஞ்சம் பெருசா இருக்கும், பொறுத்துக்கோங்க.

எங்க பூர்வீகம் திருநெல்வேலி பக்கம், ஆனா நான் பொறந்து வளர்ந்தது எல்லாம் தாராவிதான், 90 அடி ரோட்டுக்கு உள்ள. அப்பா இட்லி வியாபாரம் பண்றாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு அடுப்பு பத்த வெச்சா காலைல சைக்கிள்ல டப்பா கட்டி கொண்டு போறவங்களுக்கு எங்க வீட்ல இருந்துதான் இட்லி போகும். நான் கெமிக்கல் இன்ஜினியரிங்ல பி.டெக், அப்புறம் எம்.டெக் முடிச்சேன். இப்போ மும்பைலயே ஒரு இன்ஸ்டிட்யூட்ல பிஎச்டி இன்டர்வியூ கிளியர் ஆயிடுச்சு, கைடா வரப்போற ப்ரொபசர் மெம்பிரேன்ல, அதாவது ஒன்னை விட்டு இன்னொன்னை தடுக்கற மெல்லிய படலத்துல வேலை பண்றவரு, கேஸ் பிரிக்கிறது லிக்விட் பிரிக்கிறது ரெண்டுமே அவங்க லேப்ல நடக்குது. ஃபெல்லோஷிப் மாசம் 37,000, அதனால வீட்டுக்கு பாரமா இருக்க மாட்டேன், அது பிரச்சனை இல்ல.

அப்பா படிப்புக்கு எப்பவுமே தடை சொன்னதில்ல. ஆனா இந்த தடவை ஒரு கேள்வி கேட்டாங்க, "நம்ம வீட்ல மாட்டியிருக்க தண்ணி பில்டர்தானே இது, அதான் கடைக்கு கடை விக்கிதே, அதுல இன்னும் அஞ்சு வருசம் ஆராய்ச்சி பண்ண என்னம்மா இருக்கு?" நான் ஏதோ ரெண்டு வாக்கியம் சொன்னேன், அப்பா தலையாட்டினாங்க, ஆனா புரியலன்னு முகத்துல தெரிஞ்சுது, அப்புறம் யோசிச்சு பார்த்தா எனக்கே அந்த கேள்விக்கு பதில் தெளிவா தெரியல.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். 2021 ஏப்ரல்ல எங்க சித்தப்பாவுக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டுச்சு, ஒரு சிலிண்டருக்காக நானும் அண்ணனும் ரெண்டு நாள் அலைஞ்சோம். சித்தப்பா பொழைச்சுட்டாங்க. சுத்தி எங்கயும் காத்துதான், அதுல 21 சதவீதம் ஆக்சிஜன், அதை பிரிச்சு எடுக்க முடியாம ஊரே தவிச்சுதேன்னு அன்னைக்கு மனசுல விழுந்தது இன்னும் போகல. நான் இந்த சப்ஜெக்ட்ட எடுக்க நினைச்சதே அதனாலதான். மெம்பிரேனால அதை பண்ண முடியுமா? இல்ல இந்த ஃபீல்டுல பண்ண வேண்டியது எல்லாம் பண்ணி முடிச்சாச்சா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சயான்_கெமிக்கல்

வாழ்த்துகள் தங்கச்சி. நான் மெம்பிரேன்லதான் பிஎச்டி முடிச்சேன், இப்போ நவி மும்பைல ஒரு கம்பெனில அதே வேலை. உங்க அப்பா கேட்டது ரொம்ப சரியான கேள்வி, என் பிஎச்டி வாய்மொழித் தேர்வுல கூட இவ்ளோ நேரடியா யாரும் கேட்கல, அதனால நிதானமா பதில் எழுதுறேன்.

உங்க வீட்டு இட்லித் துணில இருந்து ஆரம்பிக்கலாம். துணில ஓட்டை இருக்கு, ஆவி மேல வரும், மாவு கீழ எறங்காது. அதுதான் பில்டர். அல்ட்ரா பில்டரும் அதே கதைதான், ஓட்டை மட்டும் ரொம்ப சின்னது. ஆனா உங்க வீட்ல மாட்டியிருக்கற ஆர்ஓ தண்ணி பில்டர்ல கடைசியா இருக்கற அந்த படலத்துலயும் கேஸ் பிரிக்கிற படலத்துலயும் அப்படி ஓட்டை கிடையாது. கிடையவே கிடையாது, இருந்தா அது பழுதான மெம்பிரேன். அப்போ எப்படி உள்ள போகுது? படலம் பாலிமர், அதாவது பிளாஸ்டிக், ரப்பர் மாதிரி நீள சங்கிலியால ஆன பொருள், ஒரு பக்கம் அதுல கரையுது, உள்ள ஊர்ந்து நகருது, மறுபக்கம் வெளிய வருது. எது நல்லா கரையுதோ எது சீக்கிரம் நகருதோ அது ஜெயிக்கும்.

இதை அப்பாவுக்கு வீட்லயே காட்டலாம். ரெண்டு ரப்பர் பலூன் வாங்குங்க, ஒன்னுல பம்பு வெச்சு காத்து அடிங்க, இன்னொன்ன ஒரு பாட்டில்ல ஆப்ப சோடாவும் வினிகரும் ஊத்தி அதுல வர்ற கார்பன் டை ஆக்சைடால நிரப்புங்க, ரெண்டும் ஒரே சைஸ். வாயை இறுக்கி கட்டி ராத்திரி வெச்சுட்டு காலைல பாருங்க, சோடா பலூன் சுருங்கிப் போயிருக்கும், காத்து பலூன் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ரப்பர்ல ஓட்டை இல்ல, இருந்தா ரெண்டும் சேர்ந்துல்ல சுருங்கணும். கார்பன் டை ஆக்சைடு ரப்பர்ல நல்லா கரையும், நைட்ரஜன் கரையாது, அவ்ளோதான். 1831லயே ஃபிலடெல்ஃபியால மிட்செல்னு ஒரு டாக்டர் பலூன் வெச்சு இதை கவனிச்சுட்டாரு, 1866ல தாமஸ் கிரஹாம் ரப்பர் படலம் வழியா காத்தை இழுத்து ஆக்சிஜன் அதிகமா இருக்கற காத்தையே எடுத்துட்டாரு.

அப்போ 150 வருஷமா ஏன் பெருசா எதுவும் நடக்கலன்னு கேப்பீங்க. படலம் தடியா இருந்தா நல்லா பிரிக்கும், ஆனா மறுபக்கம் சொட்டு சொட்டாத்தான் வரும். மெலிசாக்குனா ஊசி ஓட்டை விழும், ஒரு ஓட்டை போதும் எல்லாம் கலந்து ஓடும். உப்பை தடுக்கற செல்லுலோஸ் அசிடேட் படலம் 1950கள்லயே தெரிஞ்ச விஷயம், யாருக்கும் உபயோகப்படல, தண்ணியே வரலயே. கலிஃபோர்னியா யூனிவர்சிட்டில சிட்னி லோப், இந்தியால பொறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜன், இவங்க ரெண்டு பேரும் 1960 வாக்குலதான் வழி கண்டுபிடிச்சாங்க. மேல ஒரு மைக்ரானுக்கும் கீழ மெலிசா ஒரு தோல், அதுக்கு அடியில அதே பொருள்லயே பஞ்சு மாதிரி உடம்பு, தோல் பிரிக்கும், பஞ்சு தாங்கும். 1965ல கலிஃபோர்னியால கோலிங்காங்கிற சின்ன ஊர்ல அதை வெச்சு ஊருக்கு குடிதண்ணி குடுத்தாங்க. உங்க வீட்டு பில்டர்ல இப்போ இருக்கறது அதுக்கு அடுத்த தலைமுறை, ஜான் கடோட் 1970கள் கடைசில பண்ண பாலிஅமைடு, தண்ணில ஒரு கெமிக்கல், எண்ணெய்ல ஒரு கெமிக்கல், ரெண்டும் தொடற இடத்துல மட்டும் படலம் தானா உருவாகும், தடிமன் 100, 200 நானோமீட்டர்தான். கேஸ் பக்கம் 1980லதான் மொன்சான்டோ கம்பெனி ஹைட்ரஜன் பிரிக்கிற மெம்பிரேனை வித்தாங்க. ஊசி ஓட்டை பிரச்சனைக்கு அங்க ஹெனிஸ், ட்ரிபோடின்னு ரெண்டு பேர் பண்ணது எனக்கு இன்னைக்கும் பிடிச்ச விஷயம், மேல சிலிக்கான் ரப்பரை ஒரு பூச்சு பூசிட்டாங்க, அது பிரிக்கறதுக்கு இல்ல, ஓட்டையை அடைக்கறதுக்கு மட்டும்.

இப்போ உங்க ஆக்சிஜன். ஆக்சிஜன் மாலிக்யூல் 3.46 ஆங்ஸ்ட்ரம் (ஒரு மில்லிமீட்டரை கோடி பங்கா போட்டா ஒரு பங்கு), நைட்ரஜன் 3.64. வித்தியாசம் 0.18. ஒரு பாலிமர் இதை பிரிச்சு பார்க்கணும். சாதாரணமா கம்பெனிகள் விக்கிற பாலிமர் படலத்துல ஆக்சிஜன் நைட்ரஜனை விட ஒரு அஞ்சாறு மடங்கு வேகமா போகும், அதை வெச்சு ஒரு ஸ்டேஜ்ல எடுத்தா 30, 40 சதவீத ஆக்சிஜன் கிடைக்கும், ஆஸ்பத்திரிக்கு 90க்கு மேல வேணும். அதனால 2021ல உதவினது மெம்பிரேன் இல்ல, காத்தை குளிர வெச்சு திரவமாக்கி பிரிக்கிற பெரிய பிளான்ட்டும், ஜியோலைட்டுங்கிற நுண்துளை பொருள்ல பிரஷர் குடுத்து நைட்ரஜனை ஒட்ட வைக்கிற பிஎஸ்ஏ பிளான்ட்டும்தான். அந்த ஏப்ரல்ல ஐஐடி பாம்பேல நைட்ரஜன் எடுக்கற பிஎஸ்ஏ யூனிட்டையே உள்ள இருக்கற பொருளை ஜியோலைட்டா மாத்தி ஆக்சிஜன் யூனிட்டா ஓட்டி காட்டினாங்க, ஞாபகம் இருக்கும். காத்துல இருந்து மெம்பிரேன் இன்னைக்கு நல்லா எடுத்துக் குடுக்கறது நைட்ரஜனைத்தான், கப்பல்லயும் தொழிற்சாலைலயும் தீப்பிடிக்காம இருக்க அது வேணும். இதை மறைக்காம சொல்றது நல்லதுன்னு தோணுச்சு, நீங்க அந்த ஆசையோட சேர்ந்துட்டு ரெண்டாவது வருஷம் தெரிஞ்சுகிட்டா மனசு உடைஞ்சிரும்.

ஆனா வேலை முடிஞ்சுதான்னு கேட்டா இல்லவே இல்ல. வேகமா விடற பாலிமர் சரியா பிரிக்காது, சரியா பிரிக்கறது வேகமா விடாது. 1991ல ராப்சன்ங்கிறவரு அதுவரைக்கும் வந்த டேட்டா எல்லாத்தையும் ஒரே கிராஃப்ல போட்டு மேல ஒரு கோடு இழுத்தாரு, அதை தாண்டி ஒரு பாலிமரும் இல்ல. 2008ல திரும்ப போட்டாரு, கோடு கொஞ்சம் நகர்ந்திருந்துச்சு. நடுவுல 2004ல மான்செஸ்டர்ல பட், மெக்கியூன்னு ரெண்டு பேர் வளைஞ்சு நெளிஞ்ச சங்கிலியால ஒரு பாலிமர் பண்ணாங்க, சங்கிலி ஒன்னோட ஒன்னு ஒழுங்கா அடுக்கி உட்காராது, அதனால உள்ள இடைவெளி இருந்துகிட்டே இருக்கும், கோடு நகர்ந்ததுல அதுக்கு பெரிய பங்கு. ஆனா அந்த மாதிரி பாலிமருக்கு வயசாகும், மாசக்கணக்குல உள்ள இருக்கற இடைவெளி மெதுவா சுருங்கி வேகம் விழுந்துரும். இது எல்லாம் இன்னும் தீராத கணக்கு.

சொல்ல மறந்துட்டேன், மும்பைல பண்றீங்கன்னா ஒரு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. கண்ணாடி மேல பாலிமர் கரைசலை கத்தி வெச்சு இழுத்து தண்ணி தொட்டில முக்குவீங்க, அதுக்குள்ள அந்த கொஞ்ச நொடில ஜூலை மாச ஈரக்காத்து பட்டா படலம் தொட்டிக்கு போறதுக்கு முன்னாடியே வெள்ளையாயிரும், தோலே வேற மாதிரி உருவாகும். என் முதல் மழைக்காலம் முழுக்க ஏப்ரல்ல வந்த ரிசல்ட்டை திரும்ப எடுக்க முடியாம போச்சு, மூணு மாசம் கெமிக்கலை சந்தேகப்பட்டேன், கடைசில ஈரப்பதம்னு தெரிஞ்சுது. நோட்டுல முதல் நாள்ல இருந்து ரூம் ஈரப்பதத்தை எழுதி வெய்ங்க.

நொய்யல்_கரை

வணக்கம்ங்க. நமக்கு சொந்த ஊரு திருப்பூர், இப்போ பையனை பார்க்க மும்பை பக்கத்துல தானேங்கிற ஊருக்கு வந்திருக்கேன். படிச்சது டிப்ளமோ, ஆனா சாயக்கழிவு பிளான்ட்ல ஆர்ஓ ஓட்டி பன்னெண்டு வருசம் ஆச்சு, அதனால மெம்பிரேனை கையால தொட்டவன்ங்கிற முறைல சொல்றேன்.

2011 ஜனவரில ஐகோர்ட் உத்தரவு வந்து திருப்பூர்ல 700க்கு மேல சாயப்பட்டறை மூடினாங்க. நொய்யல் ஆத்துல கலர் தண்ணி ஓடினதை நாங்க சின்ன வயசுல இருந்து பார்த்தவங்க, ஒரத்துப்பாளையம் அணைல அந்த தண்ணி தேங்கி கீழ இருந்த விவசாயிங்க காடு எல்லாம் போச்சு, உத்தரவு நியாயம்தான், ஆனா மூடின அன்னைக்கு ஊர்ல எத்தனை வீட்ல அடுப்பு எரியலன்னு எங்களுக்குத்தான் தெரியும். திரும்ப திறக்க வழி என்னன்னா ஒரு சொட்டு கூட வெளிய விடக்கூடாது, மொத்த தண்ணியும் திரும்ப எடுக்கணும். அதை பண்ணி குடுத்தது ஆர்ஓங்க. சாயத் தண்ணிய பயாலஜிக்கல்ல சுத்தம் பண்ணி, பில்டர் பண்ணி, ஆர்ஓல விட்டா படலத்தை தாண்டி வர்ற பெர்மியேட் நல்ல தண்ணி, பட்டறைக்கே திரும்ப போயிரும். தாண்டாம தங்கற ரிஜெக்ட்ல உப்பும் மிச்ச சாயமும் இருக்கும், அதை எவாப்பரேட்டர்ல காய்ச்சி உப்பை எடுத்து அதையும் சாயம் போடவே திரும்ப அனுப்பறோம்.

பாப்பாவுக்கு நான் சொல்ல வர்றது ஒன்னுதான். காசு எல்லாம் அந்த எவாப்பரேட்டர்லதான் எரியுது, தண்ணிய கொதிக்க வைக்கறதுன்னா சும்மா இல்ல. ஆர்ஓல இன்னும் ஒரு பங்கு தண்ணி கூட எடுத்தா எவாப்பரேட்டருக்கு அவ்ளோ கம்மியா போகும், ஆனா கூட எடுக்க எடுக்க ரிஜெக்ட் பக்கம் உப்பு ஏறி பிரஷர் ஏறும், கால்சியம் சிலிக்கா படிஞ்சு மெம்பிரேன் அடைச்சுக்கும். அப்புறம் சிஐபி, அதாவது கழட்டாம அப்படியே கழுவறது பண்ணணும், ஆசிட் விட்டு ஒரு தடவை, காரம் விட்டு ஒரு தடவை, ஒவ்வொரு தடவைக்கும் மெம்பிரேன் ஆயுசு கொஞ்சம் குறையும். குளோரின் ஒரு துளி கூட ஆகாது, பாலிஅமைடை அரிச்சிரும், ஆனா குளோரின் விடலன்னா பாசி புடிக்கும், அதனால முன்னாடி குளோரின் விட்டு மெம்பிரேனுக்கு கொஞ்சம் முன்னால எஸ்எம்பிஎஸ்ங்கிற (சோடியம் மெட்டாபைசல்ஃபைட்) கெமிக்கல் போட்டு அதை எடுக்கறோம். ஒரு ராத்திரி எஸ்எம்பிஎஸ் பம்பு நின்னதை யாரும் கவனிக்கல, காலைல பார்த்தா பெர்மியேட்ல உப்பு ஏறிக்கிட்டே போகுது, அந்த வரிசைல இருந்த எலிமென்ட் (மெம்பிரேன் சுருள்) அத்தனையும் மாத்தினோம். அன்னைக்கு ஷிப்ட் என்னுது. பன்னெண்டு வருசத்துல எனக்கு தூக்கம் போன நாள்னா அதுதான்.

குளோரின் தாங்குற, சாயம் ஒட்டாத, உப்பையும் நிறுத்தற ஒரு மெம்பிரேனை யாராவது பண்ணி குடுத்தா திருப்பூர், ஈரோடு, கரூர்னு எத்தனை பட்டறைக்கு மூச்சு வரும்னு அப்பாகிட்ட சொல்லுங்க. பண்ணி முடிச்சாச்சான்னு கேட்டீங்களே, எங்க பிளான்ட்டுக்கு ஒரு நாள் வந்து பார்த்தா கேட்க மாட்டீங்க.

முலுண்ட்_வாசி

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. என் தம்பியும் கெமிக்கல் பிஎச்டிதான், முடிச்சு வேலை கிடைக்க ஒன்றரை வருஷம் ஆச்சு. மெம்பிரேன் தயாரிக்கிற கம்பெனிகள் உலகத்துலயே கைவிரல்ல எண்ற அளவுதான், நம்ம ஊர்ல பாதி பேர் ஷீட்டை இறக்குமதி பண்ணி சுருட்டி விக்கிறவங்க. அஞ்சு வருஷம் ரொம்ப பெருசு, அப்பாவுக்கும் வயசாகுது. பேட்டரி, ஹைட்ரஜன் இந்த மாதிரி காசு வர்ற பக்கம் ஒரு கைடு கிடைக்கிறாரான்னு பாருங்களேன்.

சயான்_கெமிக்கல்

முலுண்ட் சார், உங்க தம்பி விஷயம் கேட்க கஷ்டமா இருக்கு, அந்த பயம் நியாயமானது, எனக்கும் முடிச்ச உடனே எட்டு மாசம் வேலை இல்ல. ஆனா பேட்டரியும் ஹைட்ரஜனும் வேற ஃபீல்டுன்னு நினைக்காதீங்க. தண்ணியை பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்கற பெம் எலக்ட்ரோலைசர்ல நடுவுல இருக்கறது ஒரு மெம்பிரேன், ஹைட்ரஜன்ல இருந்து கரண்ட் எடுக்கற ப்யூவல் செல்லுலயும் அதேதான். லித்தியம் பேட்டரிக்குள்ள ரெண்டு பக்கத்தையும் பிரிக்கற செப்பரேட்டரும் ஓட்டை உள்ள ஒரு பாலிமர் படலம்தான். காஸ்டிக் சோடா தயாரிக்க முன்னாடி மெர்க்குரி செல் வெச்சிருந்தாங்க, இப்போ நம்ம நாட்டுல அதெல்லாம் மெம்பிரேன் செல்லுக்கு மாறியாச்சு. கைல படலம் பண்ற வித்தை வந்துட்டா இங்க இருந்து அங்க போறது கஷ்டமே இல்ல. என் கூட லேப்ல இருந்த பையன் இப்போ எலக்ட்ரோலைசர்லதான் இருக்கான்.

இன்னொன்னு, செம்பூர் மாஹுல் பக்கம் போனா ரிஃபைனரில உயர உயரமா டவர் நிக்கும், அதுல முக்கால்வாசி வேலை ஒன்னோட ஒன்னு கலந்ததை காய்ச்சி பிரிக்கிறதுதான். அமெரிக்கால தொழிற்சாலைகள் செலவு பண்ற எனர்ஜில கிட்டத்தட்ட பாதி பிரிக்கிற வேலைக்கே போகுதுன்னு கணக்கு போட்டிருக்காங்க. ப்ரொப்பிலீன், ப்ரொபேன்னு ரெண்டு கேஸ், அதுங்களுக்குள்ள கொதிநிலை வித்தியாசம் அஞ்சு ஆறு டிகிரிதான், அதை பிரிக்க நூத்துக்கு மேல தட்டு வெச்ச டவர் ராப்பகலா ஓடணும். காய்ச்சாம பிரிக்கிற எந்த வித்தைக்கும் தேவை இருந்துகிட்டேதான் இருக்கும்.

செம்பூர்_மாமி

எனக்கு கெமிஸ்ட்ரி எல்லாம் தெரியாதும்மா. ஆனா மெம்பிரேன்னு பார்த்ததும் நின்னு படிச்சேன், ஏன்னா எங்காத்து மாமா ஆறு வருஷம் டயாலிசிஸ்ல இருந்தார், வாரம் மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் நான் பக்கத்துல நாற்காலில. ஒரு கை நீளத்துல கண்ணாடி மாதிரி ஒரு குழாய், உள்ள வெள்ளையா நூல் கத்தை. அதை பார்த்துண்டேதான் ஆறு வருஷம் ஓடித்து. அங்க இருந்த டெக்னீஷியன் பையன் ஒரு நாள் பொறுமையா சொன்னான், மாமி அது நூல் இல்ல, ஒவ்வொன்னும் உள்ள குழிவா இருக்கற குழாய், பத்தாயிரம் இருக்கும், ரத்தம் உள்ள ஓடும், வெளில தண்ணி ஓடும், யூரியா சுவர் வழியா தண்ணிக்கு போயிடும், ரத்த அணுவும் புரோட்டீனும் போகாது. ஒரு தடவைக்கு 120 லிட்டர் தண்ணி மாமாவோட ரத்தத்துக்கு பக்கத்துல ஓடறது, அந்த தண்ணியும் ஆர்ஓல சுத்தம் பண்ணினதுன்னான். எனக்கு அப்போ உடம்பே சிலிர்த்தது.

அதுக்கு முன்னாடி அந்த குழாயை யார் யோசிச்சா, யார் நூல் மாதிரி இழுத்தான்னு நான் நினைச்சு பார்த்ததே இல்ல. யாரோ ஒருத்தர் ஒரு லேப்ல அஞ்சு வருஷம் உட்கார்ந்திருக்கணும் இல்லையா. எங்களுக்கு அந்த ஆறு வருஷத்துல பொண்ணு கல்யாணமும் பேரன் பொறந்ததும் மாமா பார்த்துட்டுத்தான் போனார். அப்பாகிட்ட இதை சொல்லு குழந்தை.

உங்காத்துல ஆர்ஓ மாட்டியிருக்கேன்னு எழுதியிருக்கியே, கார்ப்பரேஷன் தண்ணியா இருந்தா அதுக்கு ஆர்ஓ வேண்டாம்மா. நான் மீட்டர் வாங்கி பார்த்தேன், எங்க தண்ணில டிடிஎஸ், அதாவது கரைஞ்சிருக்கற உப்பு அளவு, நூறு கூட இல்ல, ஏரித் தண்ணி. 500க்கு கீழ இருந்தா ஆர்ஓவை தடை பண்ணணும்னு 2019லயே பசுமைத் தீர்ப்பாயம் அரசாங்கத்துகிட்ட சொல்லித்து. பாதிக்கு மேல தண்ணி வீணா சாக்கடைக்கு போறது. கிருமிக்கு யூவி போதும்.

தாராவி_பொண்ணு

எல்லாருக்கும் என்ன சொல்றதுன்னே தெரியல. மாமி, நீங்க எழுதினதை அப்பாகிட்ட அப்படியே வாசிச்சு காட்டினேன், அப்பா ரொம்ப நேரம் எதுவும் பேசல. மீட்டர் நாளைக்கு வாங்கறோம். நொய்யல் அண்ணே, பிளான்ட்டுக்கு வரேன், நிஜமாவே, ஊருக்கு போகும்போது கண்டிப்பா வரேன்.

சயான் அண்ணா, ஆக்சிஜன் விஷயம் படிச்சதும் கொஞ்சம் கஷ்டமாதான் இருந்துச்சு, ஆனா இப்பவே தெரிஞ்சது நல்லதுதான். வியாழக்கிழமை ப்ரொபசரை பார்க்க போறேன், ரெண்டு டாபிக் குடுத்து யோசிக்க சொல்லியிருக்காங்க, ஒன்னு சாண எரிவாயுல இருந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்கறது, இன்னொன்னு குளோரின் தாங்கற நேனோஃபில்ட்ரேஷன், அதாவது ஆர்ஓவை விட கொஞ்சம் லூசான படலம். என்ன கேக்கணும், எதை பார்க்கணும்?

சயான்_கெமிக்கல்

ரெண்டும் நல்ல டாபிக். நீங்க எதை எடுத்தாலும் சந்தோஷம், ஆனா கேக்க வேண்டியதை சொல்றேன்.

மொதல்ல, லேப்ல டெஸ்ட் பண்றது எவ்ளோ பெரிய துண்டுன்னு கேளுங்க. சாதாரணமா உள்ளங்கைல பாதி கூட இருக்காது. பிளான்ட்ல போற எட்டு இன்ச் எலிமென்ட் ஒன்னுல 37 சதுர மீட்டர் சுருட்டியிருக்கும். அந்த சின்ன துண்டு பத்து போட்டு அதுல நல்லா வந்த ஒன்னை மட்டும் பேப்பர்ல போடறவங்களும் இருக்காங்க, பத்துல எத்தனை பாஸ் ஆச்சுன்னு எழுதறவங்களும் இருக்காங்க, உங்க கைடு ரெண்டாவது ஆளான்னு பாருங்க. சீனியர்கிட்ட தனியா கேட்டா சொல்லிருவாங்க.

எரிவாயு எடுத்தீங்கன்னா, கலந்த கேஸ்ல டெஸ்ட் பண்ற செட்டப் இருக்கான்னு கண்டிப்பா கேளுங்க. தனித்தனியா மீத்தேனை ஒரு நாள், கார்பன் டை ஆக்சைடை ஒரு நாள் விட்டு வகுத்து போட்டா நம்பர் அழகா வரும். ஆனா கார்பன் டை ஆக்சைடு பாலிமரை ஊற வெச்சு இளக்கிரும், அப்போ மீத்தேனும் கூடவே நுழைஞ்சு வெளிய போயிரும். மீத்தேன்தான் நம்ம விக்கிற சரக்கு, அது போனா நஷ்டம். சாண வாயுல தண்ணி ஆவியும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வேற இருக்கும், அதோட டெஸ்ட் பண்ணுவாங்களான்னும் கேளுங்க.

இன்னொன்னு நான் ரொம்ப லேட்டா புரிஞ்சுகிட்டது. பிரிக்கிற திறமை ஏறிக்கிட்டே போனா நல்லதுன்னு நினைப்போம், ஆனா பிரஷர்னு ஒன்னு இருக்கு. ஒரு பக்கம் 5 பார், மறுபக்கம் 1 பார், உள்ள வர்ற கேஸ்ல 10 சதவீதம் கார்பன் டை ஆக்சைடுன்னா, நீங்க எப்பேர்ப்பட்ட மெம்பிரேன் போட்டாலும் மறுபக்கம் 50 சதவீதத்துக்கு மேல வரவே வராது, கணக்கு போட்டு பாருங்க. அதுக்கு மேல திறமை இருந்து பிரயோஜனம் இல்ல, அந்த இடத்துல வேகமா விடற படலம்தான் வேணும். எந்த வேலைக்கு எவ்ளோ போதும்னு முதல்ல கணக்கு போட்டுட்டு அப்புறம் பாலிமரை தேடற லேப்பா இருந்தா கண்ணை மூடிகிட்டு சேருங்க.

என்எம்பி, டிஎம்எஃப் மாதிரி கரைப்பான் ரெண்டுமே கர்ப்பத்துல இருக்கற குழந்தையை பாதிக்கும்னு தெரிஞ்சது, கையுறை, ஃப்யூம் ஹுட் ஒழுங்கா இருக்கான்னு போற அன்னைக்கே கண்ணால பாருங்க. இதை கேக்க கூச்சப்படாதீங்க.

நொய்யல்_கரை

குளோரின் டாபிக்னு போட்டிருக்கீங்களே பாப்பா. எடுத்தீங்கன்னா எங்க பிளான்ட் தண்ணி கேன்ல பிடிச்சு பார்சல் போட்டு விடறேன், கடைல வாங்கின உப்பும் சுத்தத் தண்ணியும் கலந்து டெஸ்ட் பண்ணாதீங்க.

தாராவி_பொண்ணு

நேத்து ராத்திரி பலூன் வெச்சோம். சோடா பலூனை நிரப்பறதுக்குள்ள ரெண்டு தடவை வினிகர் பொங்கி வழிஞ்சுது, அம்மா திட்டினாங்க. ரெண்டு மணிக்கு அப்பா அடுப்பு பத்த வைக்க எழுந்தப்பவே என்னை எழுப்பிட்டாங்க, சோடா பலூன் அதுக்குள்ளயே தளர்ந்து போச்சு, காலைல ஆரஞ்சுப்பழ சைஸ்தான் இருந்துச்சு. காத்து பலூன் அப்படியே இருக்கு.

அப்பா ரெண்டையும் கைல வெச்சு திருப்பி திருப்பி பார்த்துட்டு ஒன்னு கேட்டாங்க, "அப்போ நம்ம அடுப்புக்கு போற ரப்பர் ட்யூப்ல இருந்தும் கேஸ் இப்படி வெளிய வருமா?" எனக்கு பதில் தெரியல அண்ணா. வருமா?

சயான்_கெமிக்கல்

வரும்னு சொல்லுங்க. ரொம்ப ரொம்ப கொஞ்சம், ஆனா வரும். அதனாலதான் அந்த ட்யூப் சாதா ரப்பர் இல்ல, எல்பிஜி அதிகமா கரையாத நைட்ரைல் ரப்பர்ல பண்ணி, நடுவுல கம்பி வலை வெச்சு, மேல ஆரஞ்சு உறை போடறாங்க. கரையறது கம்மின்னா வெளிய போறதும் கம்மி, பலூன் கதையேதான். வருஷம் போகப்போக ரப்பர் இறுகி வெடிப்பு விடும், அப்புறம் கரையறது எல்லாம் கணக்கே இல்ல, நேரா ஓட்டைதான். ட்யூப் மேலயே தேதி அடிச்சிருப்பாங்க, அஞ்சு வருஷத்துக்கு மேல வெச்சுக்கக் கூடாது. ராத்திரி ரெண்டு மணில இருந்து எரியற அடுப்பு, போய் பாருங்க.

தாராவி_பொண்ணு

பார்த்தோம். தேதி முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சு. அப்பா ஏஜென்சில புது ட்யூப் வாங்கிட்டு வந்து மாட்டியாச்சு. பழைய ட்யூபை தூக்கிப் போடாம எடுத்து வெச்சிருக்காங்க, வியாழக்கிழமை ப்ரொபசர்கிட்ட கொண்டு போய் காட்ட சொல்றாங்க, எவ்ளோ கேஸ் போச்சுன்னு அளக்க முடியுமான்னு கேக்கணுமாம்.